விழாவுக்கு முன்பே வந்த படங்கள்

காஞ்சிமா பம்ப்ஸ் கம்பெனியின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, அந்த விழாவில் எடுத்த படங்கள் வர ஆரம்பித்தன.

அன்றைக்குப் படமெடுக்கவே யாரும் வரவில்லை. வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டுப் போகத்தான், ஒண்டிப்புதூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் லூர்துசாமி தோளில் கேமராவோடு வந்திருந்தார். அவரைக் கேட்டிலிருந்து அழைத்துக்கொண்டு, விழா நடக்கப்போகிற அசெம்பிளி ஷெட்டின் நீள அகலத்தை எல்லாம் காட்டிக்கொண்டு வந்தவள் வசந்தாமணி, தொழிலாளர்களுக்கு மணியக்கா. கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருபத்தைந்து வருடமாக இருப்பவள், நாற்பத்தெட்டு வயது, நடக்கும்போதே எதையாவது எழுதிக்கொள்ளும் பழக்கம் உள்ளவள். விழாவில் யாரை, எங்கே, எந்த நேரத்தில் படமெடுப்பது என்று திட்டம் போடும் வேலையை எம்.டி. கோவர்த்தனன் அவளிடம் விட்டிருந்தார். அவளும் பதினோரு பக்கத்துக்குத் திட்டம் போட்டிருந்தாள்.

பதினோரு பக்கமா என்று சிரிக்க வேண்டாம். நாற்பதாவது ஆண்டு விழாவில் எடுத்த அறுநூறு படங்களில் ஐந்நூற்றுச் சொச்சம் முன்வரிசை சோபாவையே சுற்றிச் சுற்றி வந்தன. ஃபவுண்டரியில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுகிற ஆட்களில் ஒருவர்கூட எந்த மூலையிலும் இல்லை. அவர்களில் ஒருவரான கருப்புசாமி மறு வருடம் மாரடைப்பில் போனபோது, மாலை போட்டு வைக்க வீட்டில் ஒரு படம் இல்லாமல், அடையாள அட்டையில் ஒட்டியிருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கி, மூக்கு எது வாய் எது என்று தெரியாத ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். துக்கம் கேட்கப் போன வசந்தாமணி அதைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த முறை, வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள இருநூற்று எண்பத்தாறு பேரும், பெருக்குகிறவர் முதல் எம்.டி. வரை, ஆளுக்கு ஒரு படத்திலாவது முகம் தெளிவாகத் தெரிய இருந்தே ஆக வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். குத்துவிளக்கின் எந்த முகத்தை யார் ஏற்றுவது, ஃபவுண்டரி ஆட்களைச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், சாப்பிட்டால் அவர்கள் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சாய்ந்துவிடுவார்கள், எந்த இரண்டு பேரை ஒரே படத்தில் நிறுத்தக் கூடாது என்பது வரைக்கும் எழுதி வைத்திருந்தாள்.

லூர்துசாமி ஷெட்டின் நடுவில் நின்று, வெறும் பலகையும் இரும்புக் கம்பியுமாகக் கிடந்த மேடையைப் பார்த்து இரண்டு தடவை அழுத்தினார். கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"ஏனுங் மேடம், மேடைக்கு மேல இருக்கற லைட்டு மஞ்சளா அடிக்குது பாருங்க. எல்லா மூஞ்சியும் காமாலை வந்தாப்ல இருக்குது."

"எந்த மூஞ்சிங்கண்ணா?" என்று எட்டிப் பார்த்தாள். திரையில் மேடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். பின்னால் "ஐம்பதாவது ஆண்டு" என்று சாமந்திப்பூவில் கோத்திருந்தது. முன்னால் பச்சைச் சேலையில் ஒரு பெண் கண்ணை மூடியபடி நின்றாள்.

"பச்சைச் சேலை யாருங்க?"

"வைண்டிங் செக்‌ஷன் ஜெசிந்தா."

"கண்ணு மூடிட்டாங்க. இன்னொருக்கா எடுக்கோணும்." மறுபடி அழுத்தினார். அதில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஜெசிந்தா கண்ணைத் திறந்திருந்தாள். வசந்தாமணி பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டாள். இப்படியே அவள் சொல்லச் சொல்ல அவர் வெற்று வாசலையும் வெற்று நாற்காலிகளையும் வெற்றுச் சமையல் கூடத்தையும் எடுத்துக்கொண்டே போக, வரவேற்பும் விளக்கேற்றலும் பேச்சும் பரிசும் பந்தியும் வரிசையாக விழுந்து, மதியச் சங்கு ஊதுவதற்குள் விழா முடிந்து நாற்காலிகளை அடுக்குகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

மூன்று மணிக்கு எம்.டி. அறையில் விழாக் குழு கூடியது. பர்ச்சேஸ் மேனேஜர் முழுவதையும் பார்த்துவிட்டு, "படமே வந்தாச்சுங்களே சார், இனி விழா எதுக்குங்க?" என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் சிலருக்குப் பட்டது. கோவர்த்தனன் பந்திப் படத்தை விரலால் பெரிதாக்கி, இலையில் என்னென்ன இருக்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படத்துல சாப்பிட்டது என்ற வயித்துக்கு வரலையேப்பா," என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. விழா பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடக்கும், படங்களை எல்லோரும் பார்க்கும்படி போடலாம் என்று முடிவானது.

கேன்டீன் வாசலில், தீபாவளி விடுமுறை அறிவிப்புக்குப் பக்கத்தில், நானூற்றுப் பன்னிரண்டையும் அச்செடுத்து ஒட்டினார்கள். அன்று முதல் கம்பெனியில் நடந்ததைப் பார்த்தால், இதெல்லாம் வருடா வருடம் நடப்பதுதானே என்று நினைக்கத் தோன்றும். பெண்கள் தாங்கள் எந்தச் சேலை உடுத்தப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு, அந்தச் சேலை இல்லாதவர்கள் டவுன்ஹால் கடைவீதிக்குப் போய் அதே நிறத்தில் அதே கரையில் தேடி எடுத்து வந்தார்கள். இலையில் இரண்டாவது இனிப்பாக ஒரு அதிரசம் இருப்பதைப் பார்த்த கேன்டீன் மாஸ்டர் குப்புராஜ், தான் யோசிக்காததைத் தன் கையே செய்திருப்பதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மாவுக்குப் பச்சரிசி சொல்லி அனுப்பினார். ஃபவுண்டரியில் ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத ஆறுச்சாமியும் மாரப்பனும் முந்நூற்று நாலாவது படத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ஒருவர் இலையில் இருந்த அப்பளத்தை இன்னொருவர் எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். வசந்தாமணி ஒரே படத்தில் நிறுத்தக் கூடாது என்று எழுதி வைத்த இரண்டு பேர் இவர்கள்தான். படத்தின் முன்னால் இருவரும் ரொம்ப நேரம் நின்றார்கள். எப்படியும் பதினான்காம் தேதிக்குள் சமாதானம் ஆகித்தான் தீர வேண்டும் என்றால், இன்றைக்கே ஆகிவிட்டால் பன்னிரண்டு நாள் மிச்சம் என்று மாரப்பனுக்குத் தோன்றியது. "டீ குடிக்கலாமா?" என்றார். ஆறுச்சாமி வந்தார்.

இதையெல்லாம் பார்த்து வசந்தாமணிக்கு மனசு நிறைந்து போயிருந்தது. யாருக்கும் முகம் மறையவில்லை, யாரும் விட்டுப்போகவில்லை என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், வெள்ளிக்கிழமை, இன்ஸ்பெக்‌ஷன் பிரிவின் மேற்பார்வையாளர் அய்யாவு வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு படங்களின் முன்னால் போய் நின்றார். இருபத்தைந்து வருடமாக ஒரு பம்பைக்கூட அளந்து பார்க்காமல் வெளியே அனுப்பாத மனிதர் அவர். ஒருவர் சொல்லை நம்பி எதையும் பாஸ் பண்ண மாட்டார். சிவப்பு பென்சிலால் ஒவ்வொரு முகமாகச் சரிபார்த்து ஒவ்வொரு பெயராக டிக் போட்டு, ஒன்றரை நாள் எடுத்து முடித்தார். இருநூற்று எண்பத்தைந்து டிக் இருந்தன. ஒரு பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. அது வசந்தாமணியின் பெயர்.

"அவங்க எப்படிங்க இருப்பாங்க? லூர்து பக்கத்துல நின்னு ஆளைக் காட்டிட்டு இருப்பாங்கள்ல," என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். சரிதான் என்றுதான் அய்யாவுக்கும் பட்டது. ஆனால் அவர் கை இருநூற்று முப்பதாவது படத்தில் போய் நின்றது. இருபத்தைந்து வருடம் முடித்தவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, எம்.டி.யை நடுவில் நிறுத்தி எடுத்த படம் அது. அந்த வருடம் இருபத்தைந்து முடித்தவர்கள் எட்டுப் பேர். படத்தில் எம்.டி.க்கு வலது பக்கம் நாலு பேர், இடது பக்கம் மூன்று பேர். அந்தப் படத்துக்குக் கேமராவின் பக்கத்தில் நிற்க வேண்டிய வேலை அவளுக்கு இல்லை. மேடைமேல் நிற்க வேண்டிய வேலைதான் இருந்தது.

அய்யாவு திரும்பத் திரும்ப எண்ணினார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்விட்டார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் படத்தைப் போய்ப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் மற்றவர்களைப் பார்த்தார்கள், சாயங்கால ஷிப்டு விடுவதற்குள் வசந்தாமணி உட்படக் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த வார்த்தையை மட்டும் யாரும் வாயால் சொல்லவில்லை. பதினான்காம் தேதிக்குள் மணியக்காவுக்கு ஏதோ ஆகப்போகிறது என்பதை, மழை வரும் என்பதைத் தெரிந்துகொள்வது போல, எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் இந்தக் கதையில் நான் சொல்ல ஆசைப்பட்டது. அழுது ஒப்பாரி வைக்கவில்லை, பரிகாரம் தேடி ஓடவில்லை. இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்து, ஒவ்வொருவராக, ஆளுக்கு ஒரு சாக்கோடு, அவளுடைய மேசைக்கு வர ஆரம்பித்தார்கள். பி.எஃப். படிவத்தில் சந்தேகம் கேட்க வந்தவர் சந்தேகத்தைக் கேட்காமல், எங்கம்மா செத்தன்னிக்கு என்னைய லீவு லெட்டர் எழுதச் சொல்லாம நீங்களே எழுதிக்கிட்டீங்க, அதை நான் மறக்கலைங்க என்று சொல்லிவிட்டுப் போனார். பேனா கடன் கேட்க வந்தவர், "என்ற மகன் ஸ்கூல் மாத்தறதுக்கு அந்த ஹெட்மாஸ்டர்கிட்ட மூணு தடவை போன்ல சண்டை போட்டீங்களே" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுக்காமலே போனார். மூன்று வாரம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்து அவள் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்த வாட்ச்மேன் ரங்கசாமி, ஒரு வெள்ளைத்தாள் முழுக்கப் பெரிதாகத் தன் பெயரை எழுதி எடுத்து வந்து, இதை வச்சுக்குங்க என்று கொடுத்துவிட்டு சல்யூட் அடித்தார். வைண்டிங் செக்‌ஷன் பெண்கள் ஒன்பது பேர் கூட்டமாக வந்தார்கள். அவளுடைய மூன்றாவது டிராயரில் பெண்களுக்கு அவசரத்துக்கு வேண்டியதை இத்தனை வருடமாக ஒரு நாள்கூடத் தீர்ந்துபோகாமல் வைத்திருப்பதற்கு நன்றி சொல்ல வந்தவர்கள், பக்கத்தில் ஆண்கள் இருந்ததால் சொல்ல முடியாமல், ஆளுக்கு ஒரு முழம் முல்லையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். குப்புராஜ் மட்டும் வந்து, "உங்களால எனக்கு ஒரு காரியமும் ஆகலை மேடம்," என்று ஆரம்பித்தார். "ஆனா சாப்பிட்டுட்டு எந்திரிக்கறப்ப தினமும் 'நல்லாருந்துச்சுங்கண்ணா'ன்னு சொல்லுவீங்க. உப்புக் கூடிப்போன அன்னிக்குக்கூடச் சொன்னீங்க. அன்னிக்கு உப்புக் கூடிப்போச்சு, எனக்குத் தெரியுமுங்க."

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "என்ன ஆறுச்சாமி, நாளைக்கே காரியம் பண்ற மாதிரி வரிசையா வர்றீங்க!" என்று கத்தினாள். ஆறுச்சாமியும் மாரப்பனும் ஒன்றாகத்தான் வந்திருந்தார்கள்; ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "நாங்க சும்மா வந்தமுங்க," என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள். கோபத்துக்குப் பின்னால் பயம் இருந்தது. அதை மறைப்பானேன்? திங்கட்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டு டாக்டரிடம் போய் ரத்தம், சர்க்கரை, இதயம் எல்லாம் பார்த்தாள். அவர் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஊறுகாயைக் குறையுங்கள் என்றார். அது அவளுக்கு ஆறுதலாகவே இல்லை. கருப்புசாமிக்கும் முந்தின வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் அவள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தகவல் அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. அவள் கணவர் சென்னியப்பன் விசைத்தறிக்கு உதிரி பாகம் விற்கிற கடையில் இருக்கிறார், நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் அவளுக்கு முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வர்றேன்."

"இருபத்தஞ்சு வருசமா நானேதானுங்க போறேன்."

"அதான். ஒரு நாளாச்சும் வந்திருக்கோணும்," என்றார் அவர். பஸ் வந்து அவள் ஏறி, சன்னல் வழியாகப் பார்த்தபோது, அவர் கையை ஆட்டத் தெரியாதவர் மாதிரி அரையும் குறையுமாக உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். அன்று பஸ்ஸில் அவள் அழுதாள். பயத்தில் அல்ல. இத்தனை பேர் இத்தனை வருடமாக இவ்வளவையும் மனசில் வைத்திருந்தார்களே, நான்தான் மறந்துவிட்டேனே என்று, தன்னைச் சுற்றி இருந்த எல்லோர்மேலும் பொங்கிப் பொங்கி வந்த நன்றியில் அழுதாள்.

ஆகவே அன்றிலிருந்து அவளும் சொல்ல ஆரம்பித்தாள். கர்ப்பமாக இருந்தபோது தனக்கென்று காரமில்லாமல் எடுத்து வைத்த தயிர்சாதத்துக்காகக் குப்புராஜிடமும், மழைநாளில் கேட்டிலிருந்து ஆபீஸ் வரை குடை பிடித்ததற்காக வாட்ச்மேன் ரங்கசாமியிடமும், தான் போட்ட தப்பான கூட்டலை யாருக்கும் தெரியாமல் திருத்திக் கொடுத்ததற்காக அய்யாவுவிடமும் போய்ச் சொன்னாள். சொல்லக் கேட்டவர்கள் வேறு யாருக்கோ சொல்ல வேண்டியது ஞாபகம் வந்து எழுந்து போனார்கள். அந்த வாரம் காஞ்சிமா பம்ப்ஸில் யாரைப் பார்த்தாலும் யாரிடமாவது எதற்காவது நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெஷின் சத்தத்தில் காது கேட்காமல் கத்தியும் சொன்னார்கள். வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அய்யாவுவின் கணக்குப்படி, அந்த வாரம் ஒரு பம்புகூட அளவு தவறித் திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை லூர்துசாமி வந்தார். ஒரு வாரத்தில் ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"மேடம், அந்தப் படத்தையெல்லாம் அழிச்சுப்போடறேனுங்க. என்ற கேமரா பண்ணுன பாவம் இது. ஞாயித்துக்கிழமை வேற ஆளைக் கூப்பிட்டுக்குங்க."

"உக்காருங்கண்ணா," என்றாள் வசந்தாமணி. ஒரு நோட்டை அவர் முன்னால் வைத்தாள். "நான் அன்னிக்கு இல்லாட்டி ஆளை உங்களுக்கு யார் காட்டுவா? அதான் எழுதிட்டேன். இதை வச்சு நீங்களே கண்டுபுடிச்சுக்கலாம்."

லூர்துசாமி பிரித்துப் படித்தார். பழைய பதினோரு பக்கத் திட்டம் இப்போது அறுபத்து நாலு பக்கமாகியிருந்தது. மாரப்பன்: இடது புருவத்தில் தழும்பு, கூப்பிட்டால் காது கேட்காது, தோளைத் தொடவும், கஷ்டத்தைச் சொல்ல மாட்டார், நாமாகக் கேட்க வேண்டும். ஜெசிந்தா: கண்ணை மூடுவாள், ஒன்று இரண்டு என்று எண்ணி மூன்றுக்கு முன்பே எடுத்துவிடவும், வீட்டில் இரண்டு பேருக்குச் சம்பாதித்துப் போடுகிறாள். ரங்கசாமி: தொப்பியைக் கழற்றச் சொல்ல வேண்டாம், வழுக்கைக்கு வெட்கப்படுவார். கோவர்த்தனன் சார்: வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு விடாமல் நிற்பார், சீக்கிரம் எடுத்துவிடவும், பாவம். இப்படி ஒவ்வொருவரும். எந்தப் பக்கத்தில் நின்றால் அழகு, எதைச் சொன்னால் சிரிப்பார்கள், எதைச் சொல்லக் கூடாது என்று, கூடவே இருந்து வளர்த்தவள் எழுதிய மாதிரி எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் இருநூற்று எண்பத்தாறாவதாக அவள் பெயர் இருந்தது, நேரே ஒன்றும் இல்லை.

"உங்க பேருக்கு ஒண்ணும் எழுதலைங்களே."

"என்னையத்தான் உங்களுக்குத் தெரியுமே," என்றாள்.

லூர்துசாமி நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அவள் விழா நிகழ்ச்சி நிரலை எடுத்து, இருபத்தைந்து வருடப் பொன்னாடை என்று இருந்த இடத்தில் எட்டாவதாக இருந்த தன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தாள். கூப்பிட்டு ஆள் வராமல் எம்.டி. மேடையில் விழிக்க வேண்டாமே என்றுதான் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அவளும் எழுந்தாள். எட்டு மணிக்குக் கம்பெனி வாசலில் சந்தனத் தட்டோடு நின்றாள். ஒன்பது மணிக்கும் உயிரோடு இருந்தாள். பத்து மணிக்கு விளக்கேற்றியபோது லூர்துசாமியின் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, "அந்தப் பக்கம், ஊதாச் சட்டை," என்று காட்டிக்கொண்டிருந்தாள். மேடையில் யாரோ பெரிய மனிதர் பேசினார். அவர் என்ன பேசினார் என்று கேட்டால் அந்த ஷெட்டில் ஒருவருக்கும் தெரியாது, எல்லோரும் மணியக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அய்யாவு கால் மணிக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். கம்பெனி நர்ஸம்மா அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி தள்ளி மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். வழியில் கிடந்த ஒயரை ஆறுச்சாமி தானே சுருட்டி எடுத்து ஓரம் போட்டார். குடும்பத்தோடு வந்தவர்களுக்கான வரிசையில், அழைப்பிதழைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். படங்களில் இருந்தது எல்லாம் ஒன்று விடாமல் நடந்தது, ஜெசிந்தா கண்ணை மூடினாள், திறந்தாள்.

பன்னிரண்டே காலுக்கு இருபத்தைந்து வருடம் முடித்தவர்களை அழைத்தார்கள். ஏழு பெயர் வாசித்தார்கள். ஏழு பேரும் ஏறினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், எம்.டி. நடுவில் வந்து வயிற்றை இழுத்துக்கொண்டு நின்றார். வலது பக்கம் நாலு, இடது பக்கம் மூன்று.

"எடுங்கண்ணா," என்றாள் வசந்தாமணி.

லூர்துசாமி எடுத்தார். இருநூற்று முப்பதாவது படம் எப்படி இருந்ததோ அப்படியே அது விழுந்தது.

ஆனால் கோவர்த்தனன் மேடையிலிருந்து இறங்கவில்லை. மைக்கை வாங்கினார்.

"வசந்தாமணி. நிரல்ல உங்க பேரை நீங்களே அடிச்சிருக்கீங்க. எனக்கு உங்க கையெழுத்துத் தெரியாதா? வாங்க மேல."

"படத்துல நான் இல்லீங்க சார்," என்றாள் அவள். அவளிடம் மைக் இல்லை. இருந்தாலும் ஷெட்டில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது; அவ்வளவு அமைதி.

"படத்துல இல்லாட்டிப் போச்சாது, உடுங்க. ஆளு இருக்கீங்கள்ல? ஆளு வாங்க."

அவள் நடந்தாள். நாற்பது தப்படிதான் இருக்கும். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அவள் போகப் போகக் கையை நீட்டி முழங்கையைத் தொட்டுப் பார்த்தார்கள், சூடாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் மாதிரி. மூன்று படி ஏறினாள். அய்யாவு அந்த ஏழு பேரில் ஒருவர். அவர் ஒரு எட்டு நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். எம்.டி. பொன்னாடையை அவள் தோளில் போர்த்தினார். அப்போதுதான் ஷெட் எழுந்தது. ஃபவுண்டரிக்காரர்கள் முதலில் எழுந்தார்களா வைண்டிங் பெண்கள் முதலில் எழுந்தார்களா என்று இன்றைக்கும் தீராத வழக்கு இருக்கிறது. எல்லோரும் எழுந்தார்கள், இரும்புத் தகடு போட்ட கூரை அதிரும்படி கை தட்டினார்கள், எட்டு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டுத் தட்டினார்கள். சென்னியப்பன் நாற்காலிமேல் ஏறி நின்று தட்டினார். எல்லோருடைய பையிலும் கைபேசி இருந்தது, ஆனால் கை தட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததே.

வசந்தாமணி மேடையிலிருந்து பார்த்தாள். இருநூற்று எண்பத்தைந்து பேரையும் ஒரே பார்வையில் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர்களுக்கு நடுவில் லூர்துசாமி நின்றுகொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடத் தொழிலில் ஒரு தாலி கட்டுவதைக்கூடத் தவற விடாத மனிதர், கேமராவை அப்படியே கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு, கண்ணீர் மூக்கோரம் வழிய, இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

பழக்க தோஷம், "லூர்தண்ணா, படம்," என்று சைகை காட்ட அவள் வலது கை தானாக உயர்ந்தது. பாதியில் நின்றது; தான் ஏன் எந்தப் படத்திலும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு இடது கையும் எழுந்து வந்து அதோடு சேர்ந்துகொள்ள, அவள் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள்.